கலத்துக்கும் ஒரு முன்வாசல்

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவை நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் சந்தித்தேன். அவருடைய தாய் தகப்பன் அதே மலையில் வேலை செய்தவர்கள். 1983 யூலை வன்செயலில் பதுளை நகரம் எரிந்த பின்னர், ஐந்து வயதுப் பிள்ளையான இவரையும் தூக்கிக்கொண்டு வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். அக்கா வளர்ந்ததும் கலியாணம் முடித்ததும் கணவரை இழந்ததும் அங்கேதான். போர் முடிந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே வந்தபோது அவரிடம் மிஞ்சியிருந்தவை இரண்டு பிள்ளைகளும், வலது தோளுக்குள் கிடந்த சில ஷெல் துண்டுகளும்தான். சின்னம்மாவின் குடும்பம் இருந்த லயத்துக்கே அவர் திரும்பி வந்துவிட்டார்.

அன்று நாங்கள் சுயதொழில் கடன் பற்றிய கூட்டமொன்றை நடத்திக்கொண்டிருந்தோம். கூட்டம் கலைந்து எல்லோரும் போன பிறகும் அவர் போகவில்லை. வலது மார்பில் ஒரு கட்டி இருப்பதாகவும், எட்டு மாதமாக இருப்பதாகவும், நோவு எதுவும் இல்லை என்றும் மெல்லச் சொன்னார். ஏன் இதுவரை காட்டவில்லை என்று கேட்டேன்.

"அது ஷெல் பீஸ் மிஸ். தோள்ல இருந்தது எடம் மாறி கீழ எறங்கியிருக்கு. ஆஸ்பத்திரியில படம் புடிச்சா, இது எங்க பட்டது, எப்ப பட்டதுன்னு கேப்பாங்க. திரும்ப விசாரணைக்கெல்லாம் என்னால போக ஏலாது."

இன்னொரு காரணமும் இருந்தது. கிளினிக் நாளில் மலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் விழாது. இரண்டு பிள்ளைகளோடு தனியாக வாழும் ஒருத்திக்கு ஒரு நாள் பேர் சின்ன விடயம் அல்ல.

இரண்டு வாரம் பேசிப் பேசித்தான் அவரைப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக முடிந்தது. ஷெல் துண்டைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. எந்த இடத்தில் இருக்கிறது என்று மாத்திரம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஆனால் கட்டி ஷெல் துண்டு அல்ல. ஊசியால் எடுத்த சதைத்துண்டின் அறிக்கை வந்தபோது அது புற்றுநோய் என்று தெரிந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்.

"ஷெல் பட்டதாலயா இது வந்திச்சு? இல்லாட்டி, பங்கருக்குள்ள இருந்தப்ப சின்னவனுக்குப் பால் குடுக்க முடியாம நிப்பாட்டிட்டேனே, அதனாலயா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் சமூகவியல் படித்தவள். உடலைப் பற்றிப் பாடசாலையில் படித்ததோடு சரி. அன்றிலிருந்து வைத்தியர்களிடம் கேட்டும் தேடி வாசித்தும் நான் விளங்கிக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே கேள்விகளை மனதுக்குள் வைத்துக்கொண்டிருக்கும் சகோதரிகள் வடக்கிலும் கிழக்கிலும் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

லயம் போல ஒரு வரிசை

நம் உடல் கோடிக்கணக்கான கலங்களால் ஆனது. அவற்றில் ஒரு வகைக்கு மேலணிக் கலங்கள் என்று பெயர். தோலின் மேற்புறம், வாயின் உட்புறம், குடலின் உட்சுவர், சிறுநீரகத்தின் நுண்குழாய்கள், மார்பகத்தின் பாற்குழாய்கள் எல்லாவற்றையும் போர்த்தியிருப்பவை இவையே. தனித்தனியாகச் சிதறிக் கிடக்காமல் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிற்பது இவற்றின் இயல்பு.

தோட்டத்து லயத்தை நினைத்துப் பாருங்கள். காம்பராக்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் முற்றத்தைப் பார்த்த முன்வாசல் ஒன்று. பின்னால் மண்ணில் ஊன்றிய சுவர். இரண்டு பக்கமும் அயல்வீட்டோடு பங்குபோடும் சுவர்கள். மேலணிக் கலமும் அப்படித்தான். அதற்கு ஒரு முன்புறம், ஓர் அடிப்புறம், அயற் கலங்களோடு ஒட்டிய பக்கங்கள் என்று மூன்று முகங்கள் உள்ளன. எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்று கலம் வைத்திருக்கும் இந்த ஒழுங்கையே விஞ்ஞானிகள் முனைவுத்தன்மை என்கிறார்கள்.

இது ஏன் முக்கியம்? பால் கொடுத்த தாய்மாருக்கு எளிதில் விளங்கும். ஒவ்வொரு மார்பிலும் ஏறத்தாழ 15 முதல் 20 பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் மரக்கிளை போலப் பிரியும் குழாய்கள். கிளைகளின் நுனியில் மிகச் சிறிய பைகள். அந்தக் குழாயும் பையும் உள்ளே வெறும் வெளியாக இருக்கின்றன. அந்த வெளியைச் சுற்றி மேலணிக் கலங்கள் முன்வாசலை உட்பக்கம் திருப்பி வட்டமாக நிற்கின்றன. இரத்தத்திலிருந்து வரும் சத்துக்களை அடிப்புறத்தால் வாங்கிப் பாலாக்கி, முன்வாசலால் வெளிக்குள் விடுகின்றன. அவற்றுக்கு வெளியே இன்னொரு வரிசைக் கலங்கள் கைகோர்த்து நிற்கின்றன. பிள்ளை வாய் வைத்ததும் அவை சுருங்கிப் பாலைக் குழாய் வழியே தள்ளிவிடுகின்றன.

அயற் கலங்கள் ஒட்டும் இடத்தில், முன்வாசலுக்குக் கிட்ட, ஓர் இறுக்கமான பூட்டு இருக்கிறது. பால் கசிந்து பின்னால் போகாமலும், பின்னாலிருப்பது முன்னால் வராமலும் காப்பது அந்தப் பூட்டுத்தான். கலத்துக்குத் திசை தெரியாவிட்டால் பாலுக்கும் போக வழி தெரியாது.

திசை எப்படித் தெரிகிறது?

கலத்துக்குக் கண் இல்லை. தனியே மிதக்கும் ஒரு கலத்துக்கு முன்னும் பின்னும் இல்லை. அது திசையை அறிவது தொடுகையால்தான்.

முதலில் அடிப்புறம். மேலணிக் கலங்களின் கீழே மிக மெல்லிய விரிப்பு ஒன்று உண்டு. அதற்கு அடித்தள மென்சவ்வு என்று பெயர். லமினின் என்ற புரதம் அதில் நிறைய இருக்கிறது. கலம் தன் மேற்பரப்பிலுள்ள இன்டெகிரின் என்ற கை போன்ற புரதங்களால் அந்த விரிப்பைப் பிடித்துக்கொள்கிறது. பிடி கிடைத்த பக்கம் அடிப்புறம் ஆகிறது.

அடுத்தது பக்கங்கள். கதெரின் என்ற புரதங்களால் அயற் கலங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. விரிப்பும் இல்லாமல் அயலும் இல்லாமல் மிஞ்சும் பக்கம் எதுவோ, அதுவே முன்வாசல்.

இந்தச் செய்தியை கலத்தின் உள்ளே நிலைநிறுத்துவதற்கும் தனிப் புரதங்கள் இருக்கின்றன. 1988ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெனத் கெம்பியூஸ் என்பவரும் அவரது குழுவினரும் ஒரு மில்லிமீற்றர் நீளமேயுள்ள புழுவொன்றின் முட்டையை ஆராய்ந்தபோது இதற்கான மரபணுக்களைக் கண்டறிந்தார்கள். அவற்றுக்கு 'பார்' மரபணுக்கள் என்று பெயரிட்டார்கள். அதே குடும்பத்துப் புரதங்கள் மனிதக் கலங்களிலும் இருப்பது பின்னர் தெரியவந்தது. அவற்றில் ஒரு பிரிவு முன்பக்கம் கூடி நிற்கும். மற்றப் பிரிவு பக்கத்திலும் அடியிலும் நிற்கும். ஒன்று இருக்கும் இடத்துக்குள் மற்றதை விடாமல் தள்ளிக்கொண்டேயிருப்பதால் எல்லை அழியாமல் இருக்கிறது.

நடுவில் வெளி உருவாவது எப்படி?

உடலில் குழாய் உருவாவதற்குப் பல வழிகள் உண்டு. இரண்டை மாத்திரம் சொல்கிறேன்.

1958ஆம் ஆண்டில் மாடின், டார்பி என்ற இரு ஆய்வாளர்கள் கலிபோர்னியாவில் ஒரு நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்த்த கலங்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வுகூடங்களில் வளர்க்கப்படுகின்றன. கூழ் போன்ற பொருளுக்குள் அவற்றில் ஒன்றை இட்டால் அது இரண்டாகப் பிரியும். இரண்டும் ஒட்டி நிற்கும் இடத்தின் நடுவே இருவருக்கும் பொதுவான முன்வாசல் ஒன்றை அமைத்துக்கொள்ளும். அதற்குள் நீரைச் செலுத்தும். நீர் நிரம்ப நிரம்ப நடுவில் வெளி விரியும். கலங்கள் பெருகப் பெருக அந்த வெளியைச் சுற்றியே நிற்கும்.

மார்பகக் கலங்கள் இன்னொரு வழியையும் காட்டுகின்றன. ஆய்வுகூடத்தில் அவற்றை வளர்க்கும்போது முதலில் உள்ளே வெளி இல்லாத ஓர் உருண்டை உருவாகிறது. வெளிவரிசைக் கலங்கள் விரிப்பைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. நடுவில் அகப்பட்ட கலங்களுக்கு விரிப்பு எட்டாது. பிடிப்பு இல்லாத கலங்கள் தாமாகவே ஒடுங்கி இறந்துவிடுகின்றன. அவை நீங்கிய இடமே வெளியாகிறது. இரண்டு மூன்று வாரங்களில், மார்பின் நுனிப் பையைப் போன்ற ஓர் உள்வெளியுள்ள உருண்டை கிடைத்துவிடுகிறது.

பிடிப்பை இழந்த கலம் இறப்பதற்கு 1994ஆம் ஆண்டில் 'அனோய்கிஸ்' என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க மொழியில் வீடற்ற நிலை என்பது அதன் பொருள். இதை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பலமுறை வீடிழந்த பெண்களோடு வேலை செய்யும் ஒருத்திக்கு அந்தச் சொல் சும்மா கடந்து போகாது. ஆனால் மனிதரும் கலமும் ஒன்றல்ல. வீட்டை இழந்த கலம் இறப்பது உடலின் நன்மைக்கு. வீட்டை இழந்த பெண்கள் தறப்பாளுக்குக் கீழே அடுப்பு மூட்டிப் பிள்ளை வளர்த்தார்கள். ஆகவே அந்தச் சொல்லை கலத்துக்கு மாத்திரமே வைத்துக்கொள்வோம்.

வெளி அடைபடும்போது

இனி அக்காவின் கட்டிக்கு வருவோம். கலங்களின் மரபணுக்களில் காலப்போக்கில் பிழைகள் சேரும். சில கலங்கள் நிறுத்தாமல் பெருகத் தொடங்கும். பிடிப்பு இல்லாவிட்டாலும் இறக்காமல் தப்பிக்கும். முன் எது, பின் எது என்ற ஒழுங்கும் குலையும். அப்போது வெறுமையாக இருக்க வேண்டிய பாற்குழாய் கலங்களால் அடைபடுகிறது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 2002ஆம் ஆண்டில் ஹாவாட் மருத்துவக் கல்லூரியில் ஜோன் பிரக், ஜயந்த தேப்நாத் ஆகியோரின் குழு, மார்பகக் கல உருண்டைகளில் நடுக் கலங்கள் இறப்பதைத் தடுத்துப் பார்த்தது. அதனால் மாத்திரம் வெளி நிரந்தரமாக அடைபடவில்லை, தாமதமானது, அவ்வளவுதான். பெருகத் தூண்டும் மாற்றமும் இறப்பைத் தடுக்கும் மாற்றமும் சேர்ந்தபோதுதான் வெளி நிறைந்தது. அதாவது, உடலுக்கு ஒரு காவல் மாத்திரம் இல்லை. ஒன்று தவறினால் இன்னொன்று நிற்கிறது. புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குழாய் அடைபட்டிருந்தாலும் அடித்தள மென்சவ்வு கிழியாமல் இருக்கும்வரை நோய் குழாய்க்குள்ளேயே இருக்கிறது. இந்த நிலையில் கையில் பெரும்பாலும் எதுவும் தட்டுப்படாது. மார்பக எக்ஸ்றே படமான மெமோகிராமில்தான் பலருக்குத் தெரியவரும். இப்போது சிகிச்சை செய்தால் பெரும்பாலான பெண்கள் குணமடைகிறார்கள். சவ்வைக் கிழித்துக்கொண்டு கலங்கள் வெளியேறினால், கமக்கட்டிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கும் அங்கிருந்து தூர உறுப்புகளுக்கும் போக முடியும்.

ஈரானில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்துவந்த மினா பிசெல் என்ற பெண் விஞ்ஞானி, கலத்தைத் தனியே பார்க்காமல் அது நிற்கும் இடத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நீண்டகாலமாக வலியுறுத்தியவர். 1997ஆம் ஆண்டில் அவருடைய குழு, ஆய்வுகூடத்தில் ஒழுங்கின்றிப் பெருகிய மார்பகப் புற்றுக் கலங்களின் ஒரு வகை இன்டெகிரின் பிடியை மாற்றிப் பார்த்தது. மரபணுப் பிழைகள் அப்படியே இருக்க, அந்தக் கலங்கள் பெருகுவதை நிறுத்தித் திரும்பவும் ஒழுங்கான சிறு உருண்டைகளாகின. இது இன்னும் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மருந்து அல்ல. அப்படி எண்ணி ஏமாந்துவிட வேண்டாம். கலத்தின் நடத்தையை அதன் சுற்றமும் தீர்மானிக்கிறது என்பதற்கு இது சான்று.

அறிக்கையில் எழுதியிருப்பது என்ன?

அக்காவின் அறிக்கையில் 'கிரேட் 2' என்று எழுதியிருந்தது. அது நோய் எவ்வளவு தூரம் பரவியது என்பதைச் சொல்வது என்று நானும் நினைத்தேன்; அது பிழை. பரவலைச் சொல்வது 'ஸ்டேஜ்'. 'கிரேட்' என்பது கலங்கள் எவ்வளவு ஒழுங்கு குலைந்துள்ளன என்பதைச் சொல்கிறது. நுணுக்குக்காட்டியின் கீழ் மூன்று விடயங்களைப் பார்த்துப் புள்ளி இடுகிறார்கள்: கலக்கருக்கள் எவ்வளவு உருமாறியுள்ளன, கலங்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன, அவை இன்னும் உள்வெளியுள்ள குழாய்களாக நிற்கின்றனவா என்பவையே அந்த மூன்றும்.

கட்டியின் 75 வீதத்துக்கு மேல் குழாய் வடிவம் இருந்தால் அந்தப் பிரிவில் ஒரு புள்ளி. 10 முதல் 75 வீதம் என்றால் இரண்டு. அதற்கும் குறைவு என்றால் மூன்று. மூன்று பிரிவுகளின் புள்ளிகளையும் கூட்டியே கிரேட்டை முடிவு செய்கிறார்கள். கலத்துக்கு முன்வாசல் இன்னும் நினைவிருக்கிறதா என்ற கேள்வி ஆய்வுகூடத்தோடு நின்றுவிடவில்லை. நம் கையில் தரும் அறிக்கைக்குள்ளும் அது இருக்கிறது. உங்கள் அறிக்கையை விளக்கிச் சொல்லும்படி வைத்தியரிடம் கேட்பது உங்கள் உரிமை. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொல்வது விளங்காவிட்டால் மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள்.

இரண்டு கேள்விகளுக்கும் பதில்

ஷெல் பட்டதால் அக்காவுக்குப் புற்றுநோய் வரவில்லை என்று வைத்தியர் தெளிவாகச் சொன்னார். அடிபட்டாலோ காயப்பட்டாலோ மார்பகப் புற்றுநோய் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் பழைய காயத்தின் இடத்தில் கொழுப்பு இறுகிக் கட்டிபோல் ஆகலாம். ஷெல் துண்டும் கையில் தட்டுப்படலாம். எது என்ன என்பதைக் கையால் தொட்டு நாமே தீர்மானிக்க முடியாது. இந்தக் காரணத்தால்தான் ஷெல் துண்டு உள்ள சகோதரிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வேறு நோய்க்குப் போனாலும் உடலில் உலோகத் துண்டு இருப்பதைச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டும்; அந்த இயந்திரத்தின் காந்தம் உலோகத்தை அசைக்கக்கூடும்.

பால் கொடுக்க முடியாமல் போனதும் காரணம் அல்ல. நீண்டகாலம் பாலூட்டுவது இந்த நோய்க்கான வாய்ப்பை ஓரளவு குறைக்கிறது என்பது உண்மை. ஆனால் பதுங்குகுழிக்குள் பசியோடு இருந்த தாய்க்குப் பால் வற்றியதை அவளுடைய குற்றமாக எந்த விஞ்ஞானமும் சொல்லவில்லை. வயது கூடக்கூட வாய்ப்புக் கூடுகிறது. சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வருகிறது. பெரும்பாலானவர்களுக்கு இதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்ட முடியாது.

இதைச் சொன்னபோது அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நான் சின்னவனுக்குக் கெடுதல் ஒண்ணும் செய்யல" என்றார். நான் நோயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பத்துப் பன்னிரண்டு வருடமாக அவர் சுமந்தது வேறொன்று என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நாம் செய்ய வேண்டியவை

இலங்கைப் பெண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். மாதவிடாய் நின்று சில நாட்களின் பின், மாதத்துக்கு ஒருமுறை, குளிக்கும்போது இரு மார்புகளையும் கமக்கட்டையும் விரல்களால் தடவிப் பாருங்கள். மாதவிடாய் நின்றுபோனவர்கள் மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளலாம். புதிய கட்டி, தோல் குழிவிழுதல் அல்லது தடித்தல், முலைக்காம்பு உள்ளே இழுபடுதல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல், கமக்கட்டில் கட்டி ஆகியவற்றில் எது இருந்தாலும் காட்டுங்கள். நோவு இல்லை என்பதற்காக விட்டுவிட வேண்டாம். கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. பயத்தைத் தீர்ப்பதற்கும் காட்டத்தான் வேண்டும். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று லயங்களில் சொல்வது உண்மையல்ல.

சிங்களத்தில் சுவநாரி என்று சொல்லப்படும் நலமகளிர் கிளினிக்குகள் 1996 முதல் நாடெங்கும் நடைபெற்று வருகின்றன. குறிப்பாக 35 வயதை எட்டிய பெண்கள் அங்கே மார்பகம், கருப்பைக் கழுத்து, இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளலாம். உங்கள் பகுதி மிட்வைஃப் அம்மாவிடம் நாளைக் கேளுங்கள். மஹரகமைக்கு மாத்திரமல்லாமல் பதுளை, கண்டி, மட்டக்களப்பு, தெல்லிப்பழை ஆகிய இடங்களிலும் அரசாங்கப் புற்றுநோய்ச் சிகிச்சை உண்டு. அதற்குக் காசு இல்லை. பஸ் காசும் அன்றைய பேரும்தான் நம் பெண்களுக்குத் தடை. தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கங்களும் கிளினிக் நாளுக்கு அரைப்பேராவது கிடைக்க வழிசெய்தால் எத்தனையோ கட்டிகள் எட்டு மாதம் காத்திருக்காது.

அக்காவுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. ஊசி மருந்தும் ஏற்றினார்கள். தலைமயிர் கொட்டித் திரும்ப முளைத்துவிட்டது. கமக்கட்டிலும் வெட்டியதால் வலது கை வீங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கூடை சுமக்க முடியாது. தோட்டத்தில் பலமுறை கேட்ட பிறகு நாற்றுமேடையில் வேலை கொடுத்திருக்கிறார்கள். ஷெல் துண்டுகள் இன்னும் தோளுக்குள்தான் இருக்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் கிளினிக்குக்குப் போகிறார். போன தடவை போனபோது தனியே போகவில்லை. அதே லயத்தில் கட்டியொன்றை மறைத்து வைத்திருந்த இன்னொருவரையும் முதல் பஸ்ஸிலேயே கையோடு கூட்டிப் போயிருந்தார்.